குறைந்த விலையில் ஒரு வேட்டைத் துப்பாக்கி

செப்டம்பர் முதல் தேதியன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் புறா வேட்டைப் பருவம் தொடங்கிவிடுகிறது; அதைத் தொடர்ந்து ஃபெசன்ட் கோழியும், குளிர் இறங்கிய பின் வாத்தும் வேட்டைக்கு உரியனவாகின்றன. அதற்கு முந்திய சில வாரங்களில் துப்பாக்கிக் கடைகளில் கூட்டம் நெரியும். இந்நாட்டில் குடியேறி, அலுவலக நண்பர்களின் அழைப்பினாலோ சொந்த ஆர்வத்தினாலோ வேட்டைக்குப் போகத் தலைப்பட்ட நம்மவர் ஒருவர் அந்தச் சமயத்தில் கடைக்குள் நுழைவாரானால், 250 டாலருக்குக் கிடைக்கும் பம்ப் துப்பாக்கி முதல், கையாலேயே இழைத்துச் செய்யப்பட்டு மோட்டார் காரின் விலையை எட்டும் இரட்டைக் குழல் வரையில் சுவரெங்கும் சாத்தி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டு மலைத்து நிற்பார். இந்த அத்தியாயம் அந்தச் சுவரின் கீழ்க்கோடியைப் பற்றியது. பறக்கிற பறவை விழுவதும் தப்புவதும் துப்பாக்கியின் விலையைப் பொறுத்தவை அல்ல. அது தோளில் பொருந்தும் பொருத்தத்தையும் கையாள்பவருடைய அப்பியாசத்தையுமே பொறுத்தவை. ஆகையால் துப்பாக்கியில் மிச்சம் பிடித்த பணத்தைத் தோட்டாவிலும், எறிதட்டுகளைச் சுட்டுப் பழகும் மைதானத்திலும் செலவிடுவதே உண்மையான சிக்கனம் என்பது என் அபிப்பிராயம்.

பணப்பையைத் திறப்பதற்கு முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். எச்-1பி, எஃப்-1 முதலிய தற்காலிக விசாவில் வந்திருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். இதற்குள்ள சில விலக்குகளில் நமக்கு முக்கியமானது, ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கைவசம் இருத்தலாகும். எனவே முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, அடுத்து உரிமம், அதற்குப் பின்னரே துப்பாக்கி என்னும் வரிசை மாறலாகாது. உரிமம் முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்க மறந்துவிட்டால், அலமாரியில் சும்மா இருக்கும் துப்பாக்கியே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். பச்சை அட்டை பெற்றவர்களுக்கு இந்த நிபந்தனை கிடையாது. உரிமம் பெற்ற வியாபாரியிடம் வாங்கும்போது 4473 என்னும் எண்ணுள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். 1998 முதல் நடைமுறையிலுள்ள மின்வழிப் பின்னணிப் பரிசோதனையும் உண்டு. இவற்றுக்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று விதிகள் வைத்திருக்கிறது. இல்லினாய் மாநிலத்தில் தனி அடையாள அட்டையே தேவை. தனி மனிதரிடம் பழைய துப்பாக்கி வாங்குவோர் வரிசை எண்ணை முதலில் பார்க்க வேண்டும். 1968-க்கு முன் செய்யப்பட்ட மலிவுத் துப்பாக்கிகள் சிலவற்றில் எண்ணே பொறிக்கப்படாதது இயல்பு. ஆனால் எண்ணை அரத்தால் தேய்த்து அழித்த அடையாளம் இருந்தால், இனாமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். குழலின் நீளம் 18 அங்குலத்திற்குக் குறைந்ததையும் அவ்வாறே விலக்குக.

இனிக் குழலின் விட்டம். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாகப் பொருந்துமோ அது 12 கேஜ். நம் ஊரில் 12 போர் என்று வழங்குவதும் அதுவே. அதன் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். 20 கேஜ் என்பது 15.6 மில்லிமீட்டர். முதல் துப்பாக்கிக்கு 12 கேஜையே சிபாரிசு செய்வேன். ஏனெனில் எந்தச் சிற்றூரின் பல்பொருள் கடையிலும் அதன் தோட்டா கிடைக்கும், புறாவுக்கான லேசான தோட்டா முதல் வாத்துக்கான கனத்த தோட்டா வரையில் தினுசுகளும் அதில்தான் அதிகம். உடல் மெலிந்தவர்களும், தோளில் இடிக்கும் உதைப்பைப் பொறுக்க இயலாதவர்களும் 20 கேஜை எடுத்துக்கொள்வதில் குறைவொன்றுமில்லை. குழந்தைகளுக்கென்று .410 துப்பாக்கியை வாங்கிக் கொடுப்பதுதான் தவறான வழக்கம். அதன் தோட்டாவில் அடங்கும் ரவைகள் மிகச் சொற்பம். பறவையைக் காயப்படுத்தி விட்டுவிடாமல் அதைக் கொண்டு சுட வல்லவர் கைதேர்ந்தவர்களே.

இரண்டு கேஜ் தோட்டாக்களையும் ஒரே பையில் ஒருபோதும் வைக்கலாகாது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலில் நழுவி உள்ளே போய், தோட்டா அமரும் அறைக்கு அப்பால் சற்றுத் தூரத்தில் சிக்கிக்கொள்ளும். சுட்டும் வெடிக்கவில்லையே என்று திறந்து பார்ப்பவருக்கு அறை காலியாகத் தோன்றும். அவர் 12 கேஜ் தோட்டா ஒன்றைப் போட்டு விசையை இழுத்தால் குழல் வெடித்துச் சிதறும், இடது கை விரல்கள் போகும். 20 கேஜ் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பது இந்த அபாயத்தைத் தடுக்கவே. இதைப் போன்ற மற்றொரு நுட்பம் அறையின் நீளம். தோட்டாவின் பெட்டியில் 2¾ அங்குலம், 3 அங்குலம் என்று போட்டிருக்கும் அளவு, சுட்ட பின் வாய் விரிந்த நிலையில் உள்ள நீளமாகும். சுடாத 3 அங்குலத் தோட்டா, மடிந்த வாயோடு, 2¾ அங்குல அறையிலும் தாராளமாக நுழைந்துவிடும். சுடும்போது வாய் விரிய இடமின்றி அழுத்தம் வரம்பு மீறும். நுழைகிறது என்பதனால் பொருந்துகிறது என்று கொள்ளாமல், குழலின் பக்கத்தில் பொறித்துள்ள எழுத்தைப் படித்து அதன்படி நடக்க வேண்டும்.

மலிவு விலையில் கிடைப்பவற்றுள் ஒற்றைக் குழல் மடக்குத் துப்பாக்கிதான் எல்லாவற்றிலும் எளியது. ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் கம்பெனியின் டாப்பர் போன்றவை பழைய சரக்காக இன்றும் கிடைக்கின்றன. கெட்டுப்போக அதில் அதிகப் பாகங்கள் இல்லை. ஆனால் எடை குறைவாகையால் உதைப்பு கடுமை, ஒரு தோட்டாவுக்கு மேல் சந்தர்ப்பமும் இல்லை. தானே தோட்டா மாற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் உதைப்பில் மென்மையானவை என்றாலும், மலிவானவற்றில் கோளாறு அதிகம். சுத்தம் செய்யும் சிரமமும் அதிகம். துருக்கியிலிருந்து வரும் புதிய தினுசுகள் எல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன். சில நன்றாகவே இருக்கின்றன. ஆனால் இறக்குமதி செய்த வியாபாரி நாளை அந்த மாதிரியைக் கைவிட்டால், ஒரு சிறிய வில்லுக்காகத் துப்பாக்கி முழுவதையும் மூலையில் சாத்திவைக்க நேரும். இரட்டைக் குழலின் அழகை ரசிக்காதவர் யார்! ஆனால் அதில் மலிவு என்று விற்கப்படுவது பெரும்பாலும் பழுது என்றே பொருள்படும்.

மிஞ்சுவது பம்ப். முன்கையிலுள்ள கட்டையைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் பழைய தோட்டா வெளியேறிப் புதிய தோட்டா அறைக்குள் ஏறும் இந்த அமைப்பில் இரண்டு பெயர்களை அறிந்தால் போதும். ஒன்று 1950-இல் வெளிவந்த ரெமிங்டன் 870. மற்றொன்று 1960-களின் தொடக்கம் முதல் விற்பனையிலுள்ள மாஸ்பர்க் 500. இரண்டும் தனித்தனியே 1 கோடிக்கு மேல் விற்றவை. ஆதலால் பழைய சரக்கும், மாற்றுக் குழலும், உதிரிப் பாகமும் எங்கும் கிடைக்கும். 870-இன் உடல் எஃகினாலானது, இயக்கமும் வழுவழுப்பானது. 500-இன் உடல் அலுமினியக் கலவை. சற்றுக் கலகலவென்று ஆடுவது அதன் சுபாவமே தவிரக் குறையன்று. தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டர் 500-இல் ஒரு திருகாணியால் பிணைக்கப்பட்டிருப்பதால் வீட்டிலேயே மாற்றலாம். 870-இல் அது ரிவிட் அடிக்கப்பட்டிருப்பதால் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். 870 எக்ஸ்பிரஸ் என்னும் மலிவுப் பதிப்பின் சொரசொரப்பான மேற்பூச்சு ஈரத்தைப் பிடித்து விரைவில் துருவேறும். அதே விலைக்கு, 870-இன் உயர்தரப் பதிப்பான விங்மாஸ்டர் சற்று அடிபட்ட பழையதாகக் கிடைக்குமானால் தயங்காமல் அதையே எடுக்கலாம். புதியதாகவே வேண்டும், பணமும் குறைவு என்பவருக்கு, 500-இன் எளிய உடன்பிறப்பான மேவரிக் 88 இருக்கிறது. இடக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு, காப்புப் பொத்தான் உடலின் உச்சியில் கட்டைவிரலுக்கு நேரே அமைந்த மாஸ்பர்க் 500-உம், தோட்டாவைக் கீழ்ப்புறமாக உதிர்க்கும் இத்தாக்கா 37-உம் விசேஷ சௌகரியமுள்ளவை. வின்செஸ்டர் மாடல் 12-ஐப் பற்றி முதியவர்கள் உருகிப் பேசுவார்கள். 1964-க்குப் பின் அதன் வழக்கமான உற்பத்தி நின்றுபோனதால், நல்ல நிலையிலுள்ளவை சேகரிப்பாளர் விலைக்குப் போய்விட்டன.

எதை எடுத்தாலும் தோளில் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கடைக்காரரின் அனுமதியோடு, துப்பாக்கி காலி என்பதை இருவருமாக உறுதி செய்துகொண்டு, ஆள் இல்லாத திசையில் கண்களை மூடிக்கொண்டு அதைத் தோளுக்கும் கன்னத்துக்கும் ஏற்றுங்கள். கண்ணைத் திறக்கும்போது குழலின் மேற்பரப்பு நேராக ஓடி, முனையிலுள்ள சிறு மணி அதன் நடுவே தெரியுமானால் பொருத்தம் சரி. உடலின் பின்பகுதி மட்டும் தெரிந்து மணி மறைந்தால் கட்டை உங்களுக்குத் தாழ்வு. குழல் நீண்ட சாலையாக விரிந்து தெரிந்தால் உயரம். வாத்து வேட்டைக்கு அணியும் கனத்த மேலங்கியோடு இந்தப் பரீட்சையைச் செய்வது உத்தமம்.

பழைய துப்பாக்கியைச் சோதிப்பதில் நிதானம் வேண்டும். விற்பவர் காலி என்று சொன்னாலும், அவர் கண்முன்னேயே திறந்து, அறையிலும், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் தோட்டாக் குழாயின் வாயிலும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். இது அவமரியாதை ஆகாது, தெரிந்தவர்களின் மரியாதையே இதுதான். பிறகு திருகாணிகளின் தலையைப் பாருங்கள். வெட்டுகள் சிதைந்து பிசிறடித்திருந்தால், பொருந்தாத ஆயுதத்தோடு யாரோ ஒருவர் உள்ளே புகுந்து வேலை பார்த்திருக்கிறார் என்று அறியலாம். மரக்கட்டை உடலோடு சேரும் இடத்தில் மயிரிழைப் பிளவு உண்டா, எண்ணெய் ஊறி மரம் கறுத்து மெத்தென்று ஆகியிருக்கிறதா என்பதை நகத்தால் அழுத்திப் பார்த்தால் தெரியும். அதன்பின் தோட்டாக் குழாயின் மூடியைத் திருகிக் குழலைக் கழற்றச் சொல்லுங்கள். முன்கட்டைக்கு அடியில் மறைந்துள்ள பகுதியிலேதான் துரு குடியிருக்கும். வெளிப்புறத்தைப் பளபளவென்று துடைத்து வைப்பவர்கள் அங்கே கை வைப்பதில்லை.

கழற்றிய குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உட்புறத்தை நோக்குக. நல்ல குழலில் ஒளி வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பிசகின்றி வட்டமாக ஓடும். எங்கேனும் ஒரு வளையம் நசுங்கியிருந்தால் அங்கே குழல் அடிபட்டுக் குழிந்திருக்கிறது. கறுத்த நிழல் வளையம் ஒன்று முழு வட்டமாகத் தெரிந்தால், சேறோ பனியோ அடைத்திருந்த குழலில் எவரோ சுட்டு, அது உப்பியிருக்கிறது. குழிவைப் பட்டறையில் எடுக்கலாம். உப்பலுக்கு வைத்தியம் இல்லை. குழலின் முனையை ஒடுக்கும், கழற்றி மாட்டக்கூடிய சோக் குழாய் உள்ளதாயின் அது அசைகிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கணக்கில் கழற்றப்படாமல் இறுகிப்போன சோக், குழலின் முனையையே கெடுத்திருக்கக்கூடும். சோக் நிலையாக அமைந்த பழைய குழலின் முனையை யாரோ அறுத்துக் குறைத்திருந்தால், பக்கத்தில் பொறித்த எழுத்து என்ன சொன்னாலும் அதில் சோக் இருக்காது. இரட்டைக் குழலானால், கழற்றித் தொங்கவிட்டு, பானை வாங்குபவர் சுண்டிப் பார்ப்பதுபோல் விரல் கணுவால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் இரு குழல்களையும் இணைக்கும் பற்றாசு உறுதி, மொத்தென்று ஒலித்தால் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. பாம்புச் சட்டை போன்ற கோலமுள்ள டமாஸ்கஸ் குழலைச் சுவரில் மாட்டலாம். இக்காலத்துத் தோட்டாவை அதில் போடலாகாது.

மருந்தில்லாத போலித் தோட்டாக்கள் சிலவற்றைச் சட்டைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். அவற்றை நிரப்பி, வேகமாகவும் மெதுவாகவும் பம்பை இழுத்துப் பார்த்தால், தோட்டா ஏறுவதிலும் வெளியேறுவதிலும் உள்ள தடைகள் அங்கேயே வெளிப்படும். பின்னர் காலித் துப்பாக்கியில் காப்புப் பொத்தானைப் போட்டு விசையை அழுத்துக. விட்டுவிட்டுக் காப்பை எடுக்கும்போது உள்ளே சுத்தி விழுந்தால் அந்தத் துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிடலாம். இவ்வளவிலும் தேறிய ஒரு பழைய 870-க்கோ 500-க்கோ 200 முதல் 400 டாலர் வரை கொடுப்பது நியாயமே.

வாங்கிய பிறகு முதல் வேலை, அது ரவையை எப்படிப் பரப்புகிறது என்று காகிதத்தில் பார்ப்பது. குழலின் முனையைச் சற்றே ஒடுக்கி ரவை சிதறும் அகலத்தைக் கட்டுப்படுத்துவதுதான் சோக். 40 கஜ தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் ஏறக்குறைய எழுபது சதவீத ரவை விழுமானால் அது ஃபுல் சோக், அறுபதானால் மாடிஃபைட், ஐம்பதானால் இம்ப்ரூவ்ட் சிலிண்டர். ஒரேயொரு சோக்தான் வாய்க்கும் என்றால் மாடிஃபைடே போதும். பெரிய காகிதத்தைக் கட்டி, வேட்டையில் உபயோகிக்கப்போகும் அதே தோட்டாவால் சுட்டு, ரவைகள் செறிந்த இடத்தைச் சுற்றி வட்டம் வரைந்து எண்ணிப் பாருங்கள். ஒரே சோக்கில் இரண்டு கம்பெனித் தோட்டாக்கள் இரண்டு விதமாகப் பரவுவதைக் காணும்போதுதான், பெட்டியின்மேல் அச்சடித்ததை நம்பிக் காட்டுக்குப் போகலாகாது என்பது விளங்கும்.

நீர்ப்பறவை வேட்டைக்காரர்கள் இரண்டு விதிகளை மறக்கலாகாது. சேற்றில் விழுந்த ஈய ரவைகளை வாத்துகள் விழுங்கி விஷமேறி மடிந்ததனால், 1991 முதல் நாடெங்கும் நீர்ப்பறவைகளை ஈயத்தால் சுடுவது தடை. எஃகு ரவை அதற்கு மாற்று; ஆனால் எஃகு நசுங்காது. பழைய ஃபுல் சோக் குழலில் பெரிய எஃகு ரவைகளைச் சுட்டால் முனை வீங்கும். அத்தகைய குழலுக்கு விலை கூடினாலும் பிஸ்மத் ரவையே ஏற்றது. வலசைப் பறவைகளைச் சுடும் துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாக்களுக்கு மேல் கொள்ளக்கூடாது என்பது மற்றொன்று. அதற்காகத் தோட்டாக் குழாய்க்குள் ஒரு கட்டையைச் செருகியிருப்பார்கள். அது துப்பாக்கியைப் பிரிக்காமல் எடுக்க முடியாதபடி ஒரே துண்டாக இருக்க வேண்டும். பழையது வாங்கியவர் அது இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட வேண்டும். சதுப்பில் வனக்காவலர் வந்து எண்ணிக் காட்டும்வரை காத்திருக்கலாகாது.

பராமரிப்பு விஷயத்தில் மக்கள் செய்யும் பிழை குறைவாகச் சுத்தம் செய்வதன்று, அதிகமாக எண்ணெய் விடுவது. வேட்டையிலிருந்து திரும்பியதும், தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, குழலைக் கழற்றிப் பின்வாயிலிருந்து முன்வாய்க்குக் கரைப்பான் தோய்த்த துணியை ஒருமுறை செலுத்துக. சற்று ஊறவிட்டு வெண்கலத் தூரிகையால் தேய்த்தால், மருந்துக் கரியோடு, தோட்டாவினுள் இருக்கும் பிளாஸ்டிக் அடைப்பு உரசிவிட்டுப் போன சாம்பல் நிறத் தோல் உரிந்து வரும். இது அறைக்கு அடுத்தும் சோக்கின் அருகிலும்தான் அதிகம் படியும். துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, கடைசியாக எண்ணெயின் வாசனை மட்டும் உள்ள துணியால் முடிக்கவும். சோக் குழாயை ஒவ்வொரு முறையும் கழற்றி, புரிகளைத் துடைத்து, துளி கிரீஸ் தடவித் திரும்ப மாட்டுக. 870-இல் இரண்டு ஊசிகளையும், 500-இல் ஒரே ஊசியையும் தள்ளினால் விசைத் தொகுதி கையோடு வந்துவிடும். அதைத் தூரிகையால் தூசு தட்டி, உராயும் இடங்களில் ஒரு துளி விட்டால் போதும். எண்ணெயில் குளிப்பாட்டினால் தூசு ஒட்டி, மினசோட்டா, டகோட்டா குளிரில் அது கூழாக இறுகி, சுத்தி மந்தமாக விழுந்து தோட்டா வெடிக்காமல் போகும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்ட நல்லது. ஆனால் அதையே எண்ணெயாக விட்டுவைத்தால் நாளடைவில் பிசினாகும்.

பலரும் மறப்பது தோட்டாக் குழாய். மழையில் நனைந்த துப்பாக்கியின் வெளிப்புறத்தை எவ்வளவு துடைத்தாலும், அந்தக் குழாய்க்குள் இறங்கிய நீர் சுருள்வில்லைச் சுற்றித் தேங்கித் துருவை வளர்க்கும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் வில்லை வெளியே எடுத்து, உள்ளே உலர்ந்த துணி செலுத்துங்கள்; எடுக்கும்போது வில் சீறிப் பாயுமாதலால் முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். உப்புநீர்ச் சதுப்பில் திரிந்துவிட்டு வந்தால், பிரித்த பாகங்களை நல்ல நீரில் கழுவி, முற்றிலும் உலர்த்திப் பிறகுதான் எண்ணெய். மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்ப்பதே போதுமானது.

உறைக்குள் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள். துணியும் தோலும் ஈரத்தை இழுக்கும். பூட்டிய இரும்பு அலமாரியில், காலியாக, குழல்முனை கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்தினால், வழியும் எண்ணெய் மரத்தில் ஊறாது. தோட்டாக்களுக்கு வேறு பூட்டு. வீட்டில் குழந்தைகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதில் விலக்குக் கிடையாது. விருந்தாளியின் குழந்தையும் குழந்தைதான்.

பருவத்தின் இடையில் துப்பாக்கி காட்டிய சிறு கோளாறுகளை ஒரு தாளில் எழுதி அலமாரிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள். சீர்செய்ய வேண்டியது இருந்தால், வாத்துப் பருவம் முடிந்த பிப்ரவரியிலேயே பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள். ஆகஸ்டில் கொண்டுபோனால், மிஸ்திரியின் மேசையில் உங்களுக்கு முன் வந்த துப்பாக்கிகள் வரிசையாகக் கிடக்கும். புறாப் பருவத்தின் முதல் நாள் உங்களுடையது அங்கேதான் இருக்கும்.